கூட்டி எழுதிய எடை

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், ஆற்றங்கரையை ஒட்டிய கடைசி பிளாக்கின் கீழ்த்தளத்தில் அந்த அங்கன்வாடி இருந்தது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் குடியிருப்பில் எல்லோருக்கும் அது பால்வாடிதான். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு கக்கூஸ். சுவரில் யானையும் கிளியும் ஒன்று முதல் பத்து வரையும். ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடிகள், அவற்றுக்கு அப்பால் அடையாறு. கடற்காற்று நின்றுபோகும் மதியங்களில் ஆற்று நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளாமல் வாயைத் திறந்தபடி தூங்கும்.

ஸ்வர்ணலதா பதினேழு வருடமாக அங்கே டீச்சர். கூட இருப்பவள் ஜைதூன் பீ. சமையல் அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவதும், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குழம்பைக் கிண்டுவதும் அவள்தான். மொத்தம் இருபத்தேழு பிள்ளைகள். தாய்மார்களில் பாதிப் பேருக்கு எதிர்ச்சாரி அப்பார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை, மீதிப் பேருக்கு தி.நகர் கடைகளில் வேலை. எட்டரைக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினால்தான் பஸ்ஸைப் பிடிக்க முடியும்.

ஜூன் இரண்டாவது வாரம். பத்து மணிக்கே வாசல் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் இனாயா என்ற பெயருக்கு நேரே ஸ்வர்ணலதா ஐந்தாவது நாளாக ஆப்சென்ட் போட்டாள்.

"ஜைதூன்க்கா, இனாயா இன்னிக்கும் வரலியே. இன்னாவாம்?"

ஜைதூன் பீ முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியாதா? ஒரு வாரமா ஜொரம். ஜுவேரியா மெடிக்கல்ல மருந்து வாங்கி ஊத்திகினு இருந்தா. வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரில பெட்ல சேத்துட்டாங்களாம். என் தங்கச்சி வூட்டுக்கு மேல் வூடுதானே, காலைலதான் சொன்னா."

"அட்மிஷனா? அவ்ளோ ஜொரமா?"

"அல்லாதான் காப்பாத்தணும். துரும்பாட்டம் கீறா அந்தப் பொண்ணு. தட்டுல முட்ட வெச்சா மஞ்சக் கருவ நைசா பக்கத்துத் தட்டுல தள்ளிடும். தெனம் நானும் பாத்துகினுதான் கீறேன்."

இனாயாவுக்கு மூன்று வயது முடிந்து ஒரு மாதம். அம்மா ஜுவேரியா தி.நகரில் ஒரு தையல் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். அப்பா தௌசீஃப் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவன். மூன்றரை மணிக்குப் பால்வாடியைப் பூட்டியதும் ஸ்வர்ணலதா பஸ் ஏறினாள். ஜைதூன் பீ ஃபிளாஸ்கில் சத்துமாவுக் கஞ்சி ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு பிள்ளை, கட்டிலுக்குக் கீழே அந்தப் பிள்ளையின் பை, வாளி, தாய். இனாயா கண்ணை மூடிக் கிடந்தாள். கையில் ஊசி குத்திய இடத்தில் சின்ன அட்டையை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஸ்வர்ணலதாவைப் பார்த்ததும் ஜுவேரியா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்களே வந்துட்டீங்களா? நல்லாருப்பீங்க டீச்சர். உங்க அட்டையாலதான் டாக்டருக்கே விஷயம் தெரிஞ்சுது."

"எந்த அட்டை?"

"பால்வாடி அட்டைதான். எடை எழுதி வெப்பீங்களே. டாக்டரு அதப் பாத்துட்டு, மாசாமாசம் இவ்ளோ கரெக்டா எழுதின அட்டைய இந்த வார்டுலயே யாரும் கொண்டாரலன்னாரு. மே மாசம் பதினொண்ணு தொள்ளாயிரம். இங்க ஏத்திப் பாத்தா ஒம்போது தொள்ளாயிரம். ஒரே மாசத்துல ரெண்டு கிலோ எறங்கிடுச்சாம் டீச்சர்." அவள் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "கழுத்துல வேற நெறி கட்டிகினு கீது. இவ்ளோ வெயிட்டு சடார்னு எறங்கினா சும்மா உட முடியாதாம். நாளைக்கு இடுப்பெலும்புல ஊசியப் போட்டு உள்ளேர்ந்து எடுத்து டெஸ்ட் பண்ணப் போறாங்க. ரத்தத்துல கேன்சர் கீதான்னு பாக்கணுமாம். கையெழுத்து வாங்கிட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு போட்டுட்டு வெளில போய் உக்காந்தவரு, இன்னும் உள்ள வரல."

ஸ்வர்ணலதா ஃபிளாஸ்கை ஸ்டூலின் மேல் வைத்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள், கொதித்தது. ஏதோ சொன்னாள், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே பிறகு நினைவில் இல்லை. எப்படியோ கீழே இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டாள்.

பதினொன்று தொள்ளாயிரம் அவள் கற்பனையில் பிறந்த எண்.

போன செப்டம்பரில் எடை மெஷின் கெட்டுப்போனது. யாரை நிற்க வைத்தாலும் ஆறு கிலோ காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. அவள் கடிதம் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தாள். "வரும்" என்றார்கள். அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி செல்போன் ஆப்பில் எடையை ஏற்றியாக வேண்டும். ஏற்றாத மையத்தின் பெயர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். இந்த ஒரு மாதம்தானே, அடுத்த மாதம் மெஷின் வந்ததும் சரி செய்துகொள்ளலாம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இருநூறு கிராம் கூட்டிப் போட்டாள். நவம்பரில் இன்னொரு கடிதம். பொங்கல் கழித்து மூன்றாவது. மெஷின் வரவில்லை. கூட்டுவது மட்டும் கைக்குப் பழகிவிட்டது. சிலருக்கு இருநூறு, சிலருக்கு முந்நூறு, யாருக்கும் சந்தேகம் வராதபடி மாற்றி மாற்றி. ஆறப்போகும் டீயை முடிப்பதற்குள் இருபத்தேழு பிள்ளைகளும் வளர்ந்துவிடுவார்கள். வயதுக்கேற்ற எடை இருந்தால் ஆப்பில் பச்சை; எல்லாப் பெயரும் பச்சை. மார்ச்சில் சிறந்த மையம் என்று சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையில் அதை வாங்கும்போது அவளுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அது இப்போதும் பால்வாடிச் சுவரில் தொங்கியது.

அவள் புருஷன் ராஜரத்தினம் கோட்டூர்புரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தான். கரிப்பெட்டியை விட்டுவிட்டு கேஸ் பெட்டிக்கு மாறி இரண்டு வருடம். ஆறு மணிக்கு அவள் போய் நின்றபோது பேண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். வேர்வை தாடையில் சொட்டி, துணியில் விழாமல் இருக்கத் தோளில் துண்டு.

"இன்னா சொர்ணா, மூஞ்சி இப்டி கீது? கொழந்த எப்டி கீது?"

சொன்னாள். ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, துணி கொடுக்க வருகிறவர்களுக்குக் கேட்காதபடி. அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமா."

"எல்லாக் கொழந்தைக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவன் ஒரு சட்டையை உதறி விரித்தான். தண்ணீர் தெளித்தான்.

"தோ பாரு. டாக்டருங்க முட்டாளு இல்ல. டெஸ்ட் பண்ணா ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிடப் போவுது. நீ போய் வாயத் தொறந்தா உன் வேல போய்டும். பதினேழு வருஷம் சொர்ணா. இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டினா பென்சனு."

"மூணு வயசுக் கொழந்தைய மயக்கம் குடுத்து எலும்புல குத்துவாங்கய்யா. அவங்களா குத்தல. என் எழுத்தப் படிச்சிட்டுத்தான் குத்த வராங்க."

"அதுக்கு இன்னா பண்ண முடியும்?"

"அது பொய்யின்னு சொல்ல முடியும்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு இன்னா ஆவும்னு எனக்குத் தெரில. சொல்லாட்டி நாளைக்குக் காலைல இன்னா ஆவும்னு தெரியும்."

ராஜரத்தினம் பெட்டியை எடுத்துச் சட்டைக் காலரில் அழுத்தினான். ஆவி எழுந்தது. காலர் முடிந்து, தோள் முடிந்து, ஒரு கை முடிந்தது. இன்னொரு கையைத் திருப்பிப் போட்டபோது தலை நிமிராமலே கேட்டான்:

"டாக்டரு காலைல எத்தினி மணிக்கு வருவாரு?"

"ஏழரைக்குன்னு சொன்னாங்க."

"ஆறரைக்கு ரெடியா இரு. பைக்ல கூட்டினு போறேன்."

மறுநாள் ஏழு மணிக்கே அவள் வார்டு வாசலில் நின்றாள். பையில் பழைய எடைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் இருந்தன. ராஜரத்தினம் கீழே பைக்கருகே இருந்துகொண்டான். டாக்டர் ஸ்ரீகிருஷ்ணா ஏழரைக்கு வந்தார். இளவயசுதான், கண்ணில் தூக்கம் மிச்சமிருந்தது, கையில் பேப்பர் கப்பில் காபி.

"சார், நான் இனாயாவோட பால்வாடி டீச்சர்."

"ஓ, நீங்கதானா அது? உங்க கார்டு ரொம்ப உதவியா இருந்ததும்மா."

"அந்த எடை தப்பு சார்."

"தப்புன்னா? மெஷின் சரியா காட்டலையா?"

அவர் அதை அவளுக்காகவே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்றால் போதும். ஊசியும் நின்றுவிடும், வேலையும் போகாது. ஸ்வர்ணலதா பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷின் கெட்டுப் போச்சு சார். ஆனா நான் கொழந்தைய மெஷின்ல நிக்க வெக்கவே இல்ல. எட்டு மாசமா நானா கூட்டிக் கூட்டி எழுதினேன். பதினொண்ணு தொள்ளாயிரம்னு ஒண்ணு இல்லவே இல்ல சார்."

டாக்டர் காபியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படக்கூட நேரமில்லாதவராகக் கேட்டார்: "கடைசியா நிஜமா எடுத்த எடை எது?"

"செப்டம்பர் மூணாந்தேதி. ஒம்போது எண்ணூறு. இதோ."

"இப்ப ஒன்பது தொள்ளாயிரம்." அவர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "அப்ப இவ எடை குறையல. ஒன்பது மாசமா ஏறவே இல்ல. ரெண்டும் வேற வேற விஷயம்மா. உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது சார்."

"அடிக்கடி காய்ச்சல் வந்திருக்கா? அம்மா சொன்னது கொஞ்சம் குழப்பமா இருக்கு."

ஸ்வர்ணலதா வருகைப் பதிவேட்டை நீட்டினாள். "இது பொய் இல்ல சார். இத தெனம் காலைல பேர் கூப்ட்டுதான் போடுவேன். நவம்பர்ல நாலு நாள் வரல, ஜொரம். ஜனவரில மூணு நாள். பிப்ரவரி கடைசில, அப்புறம் ஏப்ரல்ல, இப்போ. எல்லாம் ஜொரம்தான். அப்புறம் சார்… ஒண்ணுக்குப் போகும்போது அழும். 'எரியுது ஆயா'ன்னு எங்க ஆயாம்மாகிட்ட சொல்லும். வெயிலு சூடு, தண்ணி நெறைய குடுன்னு நாங்க உட்டுட்டோம்."

டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், யூரின் கல்ச்சர் என்னிக்கு அனுப்பினோம்? ரிப்போர்ட் நாளைக்கு வருமா? போன் பண்ணிக் கேளுங்க. எட்டு மணி புரொசீஜர் வேண்டாம், தள்ளி வைங்க." பிறகு ஸ்வர்ணலதாவிடம், "வெளியில இவங்க முன்னாடியே வேற மருந்து குடுத்ததால முதல் டெஸ்ட்ல ஒண்ணும் தெரியல. கல்ச்சர்ல வரணும். பார்ப்போம். கேன்சர் இல்லவே இல்லன்னு நான் இப்ப சொல்லல. ஆனா அவசரமா எலும்பைக் குத்த வேண்டியதில்ல."

அப்போதுதான் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் மக்குடன் ஜுவேரியா.

"அப்போ ரெண்டு கிலோ எறங்கலயா?" என்றாள்.

"இல்லம்மா," என்றார் டாக்டர்.

அவள் சிரித்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. மக்கைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. முகத்தை எடுத்தபோது அது வேறு முகமாக இருந்தது.

"நேத்து வந்தியே. எம்பொண்ணு தலையத் தொட்டியே. நான் அழுதுகினு சொல்றத கேட்டுகினு நின்னியே. அப்போ தெரியும்தானே உனக்கு?"

"தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பயந்துட்டேன் ஜுவேரியா."

"நீ பயந்துட்ட. நான் ராவெல்லாம் எம்பொண்ணு செத்துப்போய்டுவாளான்னு அவ வாயாண்ட காத வெச்சுகினு கெடந்தேன்." அவள் மக்கை எடுத்துக்கொண்டாள். "போ டீச்சர். இங்க நிக்காத. போய்டு."

அதுவரை அவள் ஸ்வர்ணலதாவை ஒருமையில் பேசியதில்லை.

கல்ச்சர் ரிப்போர்ட் மறுநாள் வந்தது. சிறுநீர்ப்பாதையில் பழைய தொற்று. மாதக்கணக்காக வந்து வந்து போயிருக்கிறது. அதனால் காய்ச்சல், அதனால் பசியில்லை, அதனால் வளர்ச்சியில்லை. கழுத்து நெறி மட்டும் சளியால் வந்தது. சரியான மருந்து ஏறியதும் மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. ஸ்கேனில் கிட்னி கெடவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் கெட்டிருக்கும் என்றாராம் டாக்டர். இதையெல்லாம் ஸ்வர்ணலதாவுக்கு ஜைதூன் பீதான் தங்கை வழியாகக் கேட்டு வந்து சொன்னாள்.

"கேட்டியா? நல்லாயிடுச்சாம். ரெண்டு இட்லி தின்னுச்சாம்." சொல்லிவிட்டு ஜைதூன் பீ அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "எரியுதுன்னு எங்கிட்டதான் சொல்லுச்சு. நானும்தான் உட்டேன். நீ எழுதினது மட்டும் இல்ல."

தௌசீஃப் ஒரு காலை பால்வாடிக்கு வந்தான். சத்தம் போடுவான், நாலு பேர் கூடுவார்கள் என்று ஸ்வர்ணலதா தயாராக இருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். தெனம் ஏழு மணி நேரம் எம்பொண்ணு உங்ககிட்ட இருந்துது. பாத்துகினுதானே இருந்தீங்க. எப்டிப் பாக்காம உட்டீங்க?"

வாசலிலிருந்தே ஹாலில் இருந்த பிள்ளைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு அவன் போனான்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் ஜெயபாரதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இருபத்திரண்டு மையங்கள் அவருக்கு. பிள்ளைகள் எழுந்து "வணக்கம் மேடம்" என்று பாடினார்கள். அவர் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்க ஆபீசருக்கு லெட்டர் வந்திருக்கு. உங்களுக்கு மெமோ ரெடி ஆகுது. ஏம்மா, போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா போக உட்ருப்பீங்களா மேடம்?"

ஜெயபாரதி ஹெல்மெட்டின் கண்ணாடியை விரலால் தேய்த்தார். "விட்டிருக்க மாட்டேன்," என்றார்.

பிள்ளைகளில் ஒன்று வந்து அவர் ஸ்கூட்டர் சாவியைத் தொட்டுப் பார்த்தது. அவர் சாவியை அதன் கையிலேயே கொடுத்தார்.

"உங்க மூணு லெட்டரும் எங்கிட்ட வந்துச்சு. முதலாவத மேல குடுத்தேன். மத்த ரெண்டையும் ஃபைல்ல வெச்சிட்டேன். மாசாமாசம் உங்க மையத்துலேர்ந்து நம்பர் வந்துகிட்டே இருந்தது. மெஷின் இல்லாம நம்பர் எப்படி வருதுன்னு நான் ஒரு நாள் கேட்டிருக்கணும். கேக்கல. பச்சையா வந்தா எனக்கும் மீட்டிங்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, அதான்."

"மெமோல உங்களப் பத்தி எதும் எழுத மாட்டேன் மேடம்."

"எழுதுங்க. லெட்டர் குடுத்த தேதி மூணையும் எழுதுங்க. நானும் என் விளக்கத்தத் தனியா எழுதப் போறேன்." அவர் சுவரைப் பார்த்தார். "அத எறக்கிடுங்க."

அன்று மாலையே சான்றிதழ் சுவரிலிருந்து இறங்கியது.

மெமோவுக்கான பதிலை ஸ்வர்ணலதா நாலு தடவை எழுதினாள். முதல் மூன்றிலும் மெஷினைப் பற்றி ஒரு பக்கம் போய்விட்டது. ராஜரத்தினம் படித்துப் பார்த்து, "மெஷினு மேல கேசு போட்ட மாதிரி கீது" என்றான். நாலாவதில், எடுக்காத எடையை எழுதியது தன் தவறு என்பதை முதல் வரியாக வைத்தாள். கடிதத் தேதிகளை அதற்குப் பிறகு. எல்லாப் பிள்ளைகளையும் தாய்மார் முன்னிலையில் மறுபடி எடை எடுக்க அனுமதி வேண்டும் என்று கடைசியில் கேட்டிருந்தாள்.

வேலை போகவில்லை. ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். எழுத்தில் கடும் எச்சரிக்கை வந்தது. ஜெயபாரதிக்கும் ஒன்று வந்தது என்று கேள்வி. அவர் இருபத்திரண்டு மையங்களுக்கும் தானே போய் மெஷின்களில் ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றிப் பார்த்தார். ஒன்பது மெஷின்கள் சரியில்லை. அந்த ஒன்பது மையங்களிலிருந்தும் மாதாமாதம் எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

புது மெஷின் ஜூலை முதல் வாரம் வந்தது. தாய்மார்களுக்குச் செய்தி சொல்ல ஸ்வர்ணலதா பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினாள். "இத்தினி நாளா எழுதினது பொய்யி, இப்போ நெசமா எடுக்கப் போறேன்" என்று இருபத்தாறு வாசலில் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் திட்டினார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி, "உடு டீச்சர், எங்களுக்கு மட்டும் எங்க நேரம் கீது பாக்கறதுக்கு" என்று டீ போட்டுக் கொடுத்தாள்; திட்டு வாங்கியதைவிட அந்த டீயைக் குடிப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

இருபத்தேழாவது வாசல் ஜுவேரியாவுடையது. இனாயா உள்ளே பாயில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். ஜுவேரியா அதைத் தடுக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"வேற எடத்துல சேக்கலாம்னு பாத்தேன்," என்றாள். "காசு கேக்கறாங்க. அதுவும் இல்லாம இது ஆயா ஆயான்னு அழுவுது. அனுப்பறேன். ஆனா ஒண்ணு."

"சொல்லு."

"எடை போடற நாளு புதன்கெழமை வெய்யி. எனக்கு லீவு. நான் வந்து நிப்பேன். மெஷின்ல இன்னா காட்டுதோ அத நான் படிப்பேன். நான் படிக்கறத நீ எழுது. எம்பொண்ணுக்கு மட்டும் இல்ல, எல்லாக் கொழந்தைக்கும்."

"சரி," என்றாள் ஸ்வர்ணலதா.

அப்படித்தான் நடந்தது. அந்தப் புதன்கிழமை பிள்ளைகள் செருப்பையும் கொலுசையும் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஜுவேரியா மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, பிறகு ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஸ்வர்ணலதா எழுதினாள். இருபத்தேழில் இருபது பச்சை, ஆறு மஞ்சள், ஒன்று சிவப்பு. சிவப்பு வந்தது ஒன்றரை வயது ஆண் குழந்தைக்கு. அவன் தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜைதூன் பீ அவளைத் தண்ணீர் குடிக்க வைத்தாள். மறுநாளே அந்தக் குழந்தையைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு ஸ்வர்ணலதாவும் கூடவே போனாள். மஞ்சள் பிள்ளைகளுக்கு மதியத்துக்கு முன்னால் ஒரு வேளை கூடுதலாகக் கஞ்சி. ஒண்ணுக்குப் போகும்போது எந்தப் பிள்ளை அழுதாலும் ஜைதூன் பீ டீச்சரிடம் சொல்லி அன்றைக்கே எழுதவைத்தாள். பட்டியலில் அந்த மையம் முதலிடத்திலிருந்து கடைசிக்கு முந்தைய இடத்துக்குப் போனது. மாதக் கூட்டத்தில் ஜெயபாரதி அதை வாசித்தார். வாசித்துவிட்டு, "இது எடுத்த எடை" என்று மட்டும் சொல்லி அடுத்த பெயருக்குப் போனார்.

ஜுவேரியா ஸ்வர்ணலதாவிடம் எண்களைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. காலையில் பிள்ளையை ஜைதூன் பீயிடம்தான் விடுவாள்.

ஆகஸ்டில் மழை இரண்டு மூன்று சாயங்காலங்கள் வந்து போனது. ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் ஓடியது. எடைப் புதனன்று இனாயாவை நிற்க வைத்தபோது அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு குனிந்து, எண்ணைத் தானும் பார்த்தாள்.

"பத்து அறுநூறு," என்றாள் ஜுவேரியா. பிறகு இன்னொரு தடவை, உரக்க, "பத்து கிலோ அறுநூறு கிராம்" என்றாள்.

அடுத்து பிரபு. நாலு வயதுப் பையன், எந்நேரமும் ஓடுகிறவன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா ஊரில் இல்லை.

"பதிமூணு நூறு."

ஸ்வர்ணலதா பேனாவை நிறுத்தினாள். "போன மாசம் பதிமூணு இருநூறு. இன்னொரு வாட்டி நிக்க வெய்யேன்."

மறுபடி ஏற்றினார்கள். பதிமூன்று நூறு. இடம் மாற்றி, தரை சமமாக இருக்கும் மூலையில் வைத்து ஏற்றினார்கள். பதிமூன்று நூறுதான். பையன் சலித்துப்போய் இறங்கி ஓடினான்.

ஸ்வர்ணலதா செல்போனில் அந்த எண்ணைப் போட்டாள். சென்ற மாதத்தைவிடக் குறைந்துள்ளது, சரிதானா என்று திரை கேட்டது. பச்சையிலேயே இருக்கும் பிள்ளைதான். ஒரு நூறு கிராம். ஆமாம் என்பதை அழுத்தினாள்.

ஜுவேரியா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கம்மா எத்தினி மணிக்கு வருவாங்க?"

"அஞ்சர ஆவும். போய்க் கேக்கணும்."

"எந்த பிளாக்கு?"

"எதிர் பிளாக்கு. மூணாவது மாடி."

"நானும் வரேன்," என்றாள் ஜுவேரியா. கொஞ்சம் நிறுத்தி, "வரேன் டீச்சர். அஞ்சரைக்கு வாங்க, போவலாம்" என்றாள்.

படிக்கட்டில் மழைத்தண்ணீர் வடிந்து வழுக்கியது. ஸ்வர்ணலதாவுக்கு முட்டி வலி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஜுவேரியா இரண்டு படி மேலே ஏறி நின்று காத்திருந்தாள். கதவைத் தட்டியதும் பிரபுவின் அம்மா திறந்தாள். வேலைக்குப் போன புடவையை இன்னும் மாற்றவில்லை, கையில் பாத்திரம் தேய்த்த நுரை.

"இன்னா டீச்சர், எதுனா பிரச்சினையா? எவனையாச்சும் அடிச்சுட்டானா?"

"அதெல்லாம் இல்லம்மா. பிரபு எடை நூறு கிராம் எறங்கிருக்கு. ரெண்டு வாரமா எப்டி சாப்ட்றான், தூங்கறானான்னு கேக்கலாம்னு வந்தோம்."

"நூறு கிராமா?" அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நூறு கிராமுக்கா மூணு மாடி ஏறி வந்தீங்க?"

"ஆமா," என்றாள் ஜுவேரியா. "உள்ள வரலாமா?"

அவள் நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டு இடம் செய்தாள்.